முகத்தைப் பார்த்துப் பிள்ளையைக் கள்ளனாக்காதீர்கள்: யாழ்ப்பாணப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும் ஒழுக்காற்றுக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

அதிபர்களே, பிரதி அதிபர்களே, ஒழுக்காற்றுக் குழுக்களில் இருக்கும் ஆசிரியர்களே,

கடந்த தவணையில் உங்களில் பலர் ஒரு நாள் பயிற்சிப் பட்டறைக்கு அழைக்கப்பட்டீர்கள். உடல்மொழியைக் கொண்டு பொய்யைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் பாடம். பட்டறை முடிந்தபோது ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் தரப்பட்டது. அதில் 14 அறிகுறிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெட்டி. ஆறு அல்லது அதற்கு மேல் சரி விழுந்தால் பிள்ளை பொய் சொல்கிறது என்று கொள்ளலாமாம்.

அந்தத் தாள் பட்டறையோடு நின்றிருந்தால் இந்த மடல் தேவைப்பட்டிருக்காது. இப்போது அது விசாரணைக் கோப்புகளில் செருகப்படுகிறது. கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, மூக்கைத் தொட்டார், குரல் நடுங்கியது என்று சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் எழுதி, அதற்குக் கீழே பெற்றோரிடம் கையெழுத்து வாங்கப்படுகிறது. பயணக் காசு காணாமற் போனதற்கும், வகுப்பில் கைத்தொலைபேசி பிடிபட்டதற்கும், தவணைப் பரீட்சைத் தாள் வெளியே போனதற்கும் இதே தாள்தான் பாவிக்கப்படுகிறது. உளவியல், உளவளத்துணை, சட்டம், கற்பித்தல் ஆகிய துறைகளில் வேலை செய்யும் நாங்கள் இதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியாது.

தாளின் முதல் மூன்று பெட்டிகளை எடுத்துப் பாருங்கள். கண்ணைத் தவிர்த்தல், கைகளைக் குறுக்கே கட்டிக்கொள்ளல், வாயைக் கையால் மறைத்தல். இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்ல எங்கள் மொழியில் ஏற்கெனவே ஒரு தொடர் இருக்கிறது: தலைகுனிந்து, கைகட்டி, வாய்பொத்தி நிற்றல். பெரியவர் முன்னால் அடக்கமாக நிற்பதற்கு எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த முறை அது. "பெரியாக்களை முழிசிப் பாக்கக் கூடாது" என்று வீட்டில் அம்மம்மா சொல்லி வளர்த்த பிள்ளை, அதிபரின் மேசைக்கு முன்னால் நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கும். நிமிர்ந்து பார்த்தாலோ "என்ன, முறைக்கிறீரோ?" என்ற கேள்வி வரும். குனிந்தால் பொய்யன், நிமிர்ந்தால் திமிர் பிடித்தவன் என்றால், அந்தப் பிள்ளை கண்ணை எங்கேதான் வைப்பது?

அடுத்த மூன்று பெட்டிகள்: உள்ளங்கை வியர்த்தல், எச்சில் விழுங்குதல், குரல் நடுங்கல். இவை பயத்தின் அறிகுறிகள். பயம் வந்தால் பரிவு நரம்புத் தொகுதி தூண்டப்பட்டு அதிரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. உள்ளங்கையில் இருக்கும் வியர்வைச் சுரப்பிகள் வெயிலைவிட மனப் பதற்றத்துக்கே கூடுதலாக வேலை செய்பவை. உமிழ்நீர் குறைந்து வாய் உலர்வதால் பிள்ளை திரும்பத் திரும்ப விழுங்குகிறது. குரல்வளைத் தசைகள் இறுகுவதால் குரல் மாறுகிறது. இந்தச் சங்கிலியில் எந்த நரம்பும் பொய்க்கென்று தனியாக ஒரு சமிக்ஞை அனுப்புவதில்லை. செய்த களவு வெளியே வந்துவிடுமோ என்ற பயத்துக்கும், செய்யாத களவு தலையில் விழுந்துவிடுமோ என்ற பயத்துக்கும் உடல் காட்டும் முகம் ஒன்றுதான். உண்மை சொல்பவரின் பதற்றத்தைப் பொய்யின் அடையாளமாக எடுத்துக்கொள்ளும் இந்தத் தவறுக்கு ஒதெல்லோத் தவறு என்று பெயர் வைத்தவர் அமெரிக்க உளவியலாளரான போல் எக்மன். முகபாவ ஆய்வுக்காக உங்கள் பட்டறையில் பெரிதாகப் புகழப்பட்ட அதே எக்மன்தான்.

இப்போது கூட்டிப் பாருங்கள். நல்ல வளர்ப்புக்கு மூன்று சரி, பயத்துக்கு மூன்று சரி. எந்தப் பிழையும் செய்யாத, அடக்கமான, பயந்த பிள்ளை ஒன்று வாய் திறக்கும் முன்பே ஆறு எடுத்துவிடுகிறது. பலமுறை விசாரிக்கப்பட்டுப் பழகிய, துணிந்த பிள்ளைக்கு இரண்டு பெட்டியில்கூடச் சரி விழாது. திக்குவாய் உள்ள பிள்ளை, ஒரு காது மந்தமான பிள்ளை, ஓட்டிசம் உள்ள பிள்ளை, துருதுருவென்று கால் ஆட்டிக்கொண்டே இருக்கும் பிள்ளை, காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளை ஆகியோரின் நிலையை நாங்கள் விவரிக்கத் தேவையில்லை. அவர்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள்.

பட்டறையின் தொடக்கத்தில் வள்ளுவரும் துணைக்கு அழைக்கப்பட்டிருக்கிறார். திருக்குறளின் 71ஆம் அதிகாரம் குறிப்பறிதல். பளிங்கைப் போல முகம் நெஞ்சில் மிகுந்ததைக் காட்டும் என்கிறது அதிலுள்ள ஒரு குறள். அந்த அதிகாரம் அமைச்சியலில் வருவது. அரசனின் மனக் குறிப்பை அருகில் இருப்பவர் உணர்ந்து நடக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லப்பட்டது. நெஞ்சில் மிகுந்தது கோபமா, கவலையா, பயமா என்று முகம் காட்டலாம். அது ஏன் மிகுந்தது என்று முகம் சொல்லும் என வள்ளுவர் எந்த இடத்திலும் எழுதவில்லை. குற்றம் தீர்ப்பதற்கு அந்தக் குறளைச் சாட்சிக்கு அழைப்பது தமிழுக்கும் நியாயமில்லை, பிள்ளைக்கும் நியாயமில்லை.

இனி ஆய்வுகளுக்கு வருவோம். "எனக்கு அனுபவம் இருக்கு, நான் பாத்தவுடன கண்டுபிடிப்பன்" என்று நம்பும் ஆசிரியர்கள் தயவுசெய்து இந்தப் பகுதியை நின்று வாசியுங்கள்.

2006இல் சாள்ஸ் பொண்டும் பெல்லா டிபோலோவும் அதுவரை நடந்த ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்தார்கள். ஏறத்தாழ 24,500 பேரின் தீர்ப்புகள் அதில் அடங்கும். பொய்யையும் உண்மையையும் பிரித்தறிவதில் மனிதர்கள் சரியாக இருந்தது 100க்கு 54 தடவை. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். உண்மை பேசியவர்களில் 61 வீதத்தினர்தான் உண்மை பேசுபவர்கள் என்று சரியாக இனங்காணப்பட்டார்கள். பொய் சொன்னவர்களில் 47 வீதத்தினரே பிடிபட்டார்கள். அதே ஆண்டில் வெளியான இன்னொரு தொகுப்பாய்வு பொலிஸாரையும் பிற விசாரணைத் தொழில் செய்பவர்களையும் மாணவர்களோடு ஒப்பிட்டது. இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவுதான். வேலையில் இருந்த வருடங்கள் கண்ணைக் கூர்மையாக்கவில்லை. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. சைக்கிள் ஓடப் பழகும்போது பிழை விட்டால் உடனே விழுகிறோம், அதனால் திருந்துகிறோம். ஒரு பிள்ளையைப் பொய்யன் என்று பிழையாக முடிவு கட்டினால், அது பிழை என்று எங்களுக்கு யாரும் வந்து சொல்வதில்லை. பிள்ளை அழுதுகொண்டு போய்விடும். நாங்கள் சரியாகப் பிடித்துவிட்டோம் என்ற எண்ணத்தோடு இன்னொரு வருட அனுபவம் சேர்ந்துவிடும்.

கண்ணைத் தவிர்ப்பவன் பொய்யன் என்ற நம்பிக்கை எங்கள் ஊருக்கு மட்டும் உரியதும் அல்ல. 58 நாடுகளில் கேட்டுப் பார்த்தபோது, பொய்யை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்ற கேள்விக்கு ஏறத்தாழ 64 வீதத்தினர் சொன்னது அதைத்தான். ஆனால் 2003இல் டிபோலோ குழுவினர் 158 அறிகுறிகளை எடுத்து ஆராய்ந்தபோது, கண்ணைப் பார்ப்பதற்கும் பொய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தொடர்பே இல்லை, அல்லது இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டிய அளவு மெல்லிய தொடர்பு. ஓரளவு பயன் தந்தவற்றில் முக்கியமானது உடம்பில் இல்லை, சொல்லும் கதையில் இருந்தது: பொய்யில் விபரம் குறைவு. இதை நினைவில் வையுங்கள், பின்னர் தேவைப்படும்.

வகுப்பறைக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். 40 பேர் உள்ள வகுப்பில் ஒருவருடைய 2,000 ரூபா காணாமற் போகிறது. எடுத்தவர் ஒருவர், எடுக்காதவர் 39 பேர். எல்லோரையும் தனித்தனியே கூப்பிட்டு முகம் பார்க்கிறீர்கள். மேலே சொன்ன அளவின்படி உண்மை சொல்பவர்களில் 39 வீதத்தினர் பொய்யர்களாகத் தெரிவார்கள். அதாவது ஏறத்தாழ 15 அப்பாவிப் பிள்ளைகள். எடுத்த பிள்ளை அந்தப் பட்டியலில் இருப்பதற்கான வாய்ப்பு பாதிகூட இல்லை. சரி, 100க்கு 90 தடவை சரியாகச் சொல்லும் ஒருவர் எங்காவது இருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 39 பேரில் நான்கு பேர் வீணாகச் சிக்குவார்கள். சுட்டப்படும் ஐந்து பேரில் நான்கு பேர் குற்றமற்றவர்கள். சந்தேகத்துக்கு உரியவர்கள் கூடக்கூட இந்தப் பிழை பெருகும்.

தாளின் மற்றப் பெட்டிகளுக்கு விஞ்ஞானப் பெயர்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. தகவல் பரிமாற்றத்தில் 93 வீதம் சொல்லில் இல்லை, உடலிலும் குரலிலும் இருக்கிறது என்று முதல் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். இது அல்பேட் மெஹ்ராபியன் 1967இல் செய்த இரண்டு சிறிய ஆய்வுகளிலிருந்து வந்தது. தனிச் சொல் ஒன்றைப் பல தொனிகளில் கேட்கவைத்து, சில முகப் படங்களைக் காட்டி, பேசியவருக்குப் பிடித்திருக்கிறதா பிடிக்கவில்லையா என்று மதிப்பிடச் சொன்ன ஆய்வுகள். உண்மை, பொய் பற்றி அதில் ஒரு கேள்வியும் இல்லை. உணர்வையும் விருப்பு வெறுப்பையும் பற்றிப் பேசும்போதுதான் இந்தச் சமன்பாடு பொருந்தும் என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார். கண் வலப்புறம் மேலே போனால் கற்பனை செய்கிறார், இடப்புறம் போனால் நினைவுகூர்கிறார் என்பது அடுத்தது. 2012இல் வெளியான ஆய்வு ஒன்று அதை நேரடியாகச் சோதித்தது. பொய் சொன்னவர்களின் கண்ணும் உண்மை சொன்னவர்களின் கண்ணும் வேறுபடவில்லை. இந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டு வந்தவர்களும் மற்றவர்களைவிடத் திறமாகக் கண்டுபிடிக்கவில்லை. நுண்முகபாவம் என்பது ஒரு செக்கனில் 25இல் ஒரு பங்கிலிருந்து 5இல் ஒரு பங்குக்குள் மறையும் முகச் சுளிப்பு. அப்படி ஒன்று உண்டு. ஆனால் 2008இல் 697 முகபாவங்களைக் காணொளியில் ஒவ்வொரு படச்சட்டமாகப் பார்த்த ஆய்வில் அது தென்பட்டது ஏறத்தாழ 2 வீதத்தில்தான், அதுவும் முகத்தின் ஒரு பாதியில் மட்டும். நிறுத்தி நிறுத்திப் பார்த்த காணொளியிலேயே இவ்வளவு அரிது என்றால், அலுவலக அறையில் பிள்ளையை நிற்கவைத்து வெறுங்கண்ணால் எதைப் பிடிக்கப் போகிறோம்?

அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் நடத்தையைப் பார்த்து ஆபத்தானவர்களை இனங்காணும் திட்டம் ஒன்று 2007 முதல் நடந்தது. ஏறத்தாழ 90 கோடி டொலர் செலவான பிறகு, 2013இல் அந்நாட்டின் அரச கணக்காய்வு நிறுவனம் அதற்கான நிதியைக் கட்டுப்படுத்தச் சொன்னது. இப்படிப் பார்த்துக் கண்டுபிடிப்பது தற்செயலுக்குச் சமம் அல்லது அதைவிடச் சற்றே மேல் என்பதுதான் அதன் முடிவு.

பயிற்சி எடுத்தால் திருந்தும் என்று சொல்வார்கள். எங்களை மிகவும் கவலைப்படுத்துவது அதுதான். 1999இல் சோல் கசினும் கிறிஸ்டினா பொங்கும் செய்த ஆய்வில், ஒரு குழுவுக்கு உங்கள் தாளில் உள்ளவை போன்ற அறிகுறிகள் கற்பிக்கப்பட்டன. மற்றக் குழுவுக்கு ஒன்றும் கற்பிக்கப்படவில்லை. கற்காதவர்கள் 56 வீதம் சரியாகச் சொன்னார்கள். கற்றவர்கள் 46 வீதம். ஆனால் தங்கள் முடிவில் கூடுதல் உறுதியோடு இருந்தவர்கள் கற்றவர்களே, அதற்குக் கூடுதல் காரணங்களை அடுக்கியவர்களும் அவர்களே. பிழையாக இருப்பது ஒரு தீங்கு. பிழையாக இருந்துகொண்டு உறுதியாகவும் இருப்பது அதைவிடப் பெரிய தீங்கு, ஏனென்றால் உறுதி வந்த பிறகு நாங்கள் தேடுவதை நிறுத்திவிடுகிறோம். காசு புத்தகப் பைக்கு அடியில் கிடக்கிறதா, இன்னொரு வகுப்பில் யாரிடமாவது கைமாறியதா என்று யாரும் பார்க்கப் போவதில்லை. பிள்ளையிடமிருந்து "ஓம்" வரும்வரை கேட்பதே விசாரணையாகிவிடுகிறது.

அந்த "ஓம்" எவ்வளவு மலிவாக வரும் என்பதற்கும் ஆய்வு உண்டு. 1996இல் கசினும் கீச்செலும் பல்கலைக்கழக மாணவர்களைக் கணினியில் எழுத்துகளை அடிக்கச் சொன்னார்கள். ஒரு குறிப்பிட்ட விசையைத் தொட்டால் கணினி பழுதாகும் என்று எச்சரித்தார்கள். யாரும் தொடவில்லை. ஆனாலும் கணினியை நிறுத்திவிட்டு, நீங்கள்தான் தொட்டீர்கள் என்று குற்றம் சாட்டினார்கள். 69 வீதத்தினர் ஒப்புதல் வாக்குமூலத்தில் கையெழுத்திட்டார்கள். 28 வீதத்தினர் தாங்கள் உண்மையிலேயே தொட்டுவிட்டதாக நம்பத் தொடங்கினார்கள். தொட்டதைக் கண்டேன் என்று ஒருவர் பொய்ச் சாட்சி சொன்னபோது ஒப்புக்கொள்பவர்கள் கூடினார்கள். இவர்கள் வளர்ந்தவர்கள். இதைப் போன்ற சோதனையை 12, 13 வயதினரிடமும் 15, 16 வயதினரிடமும் செய்து பார்த்தபோது அவர்கள் இன்னும் இலகுவாகக் கையெழுத்திட்டார்கள். "கமராவில பதிவாகியிருக்கு, ஒத்துக்கொள்ளும்" என்று இல்லாத பதிவைச் சொல்லி மிரட்டும் பழக்கத்தையும், "சொன்னா ஒண்டும் செய்யமாட்டன்" என்ற வாக்குறுதியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். முன்னது பொய்ச் சாட்சி, பின்னது ஆசை காட்டல். அச்சுறுத்தியோ ஆசை காட்டியோ பெற்ற ஒப்புதலை 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டமே 24ஆம் பிரிவில் ஒதுக்கிவைக்கிறது. பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த ஒப்புதலை 25ஆம் பிரிவு ஏற்பதில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அந்தப் பாதுகாப்பில் ஓட்டை போட்டதால் என்ன நடந்தது என்பதை இங்கே எந்த வீட்டிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பொய் காட்டும் கருவி வாங்கலாமா என்று யோசிக்கும் பாடசாலைகளும் இருப்பதாக அறிகிறோம். வேண்டாம். பொலிகிராப் கருவியில் நெஞ்சிலும் வயிற்றிலும் சுற்றும் இரண்டு குழாய்கள் மூச்சை அளக்கும், கையில் கட்டும் பட்டி இரத்த அழுத்தத்தை அளக்கும், விரல்களில் மாட்டும் தகடுகள் வியர்வையால் மாறும் மின்கடத்தலை அளக்கும். மூன்றும் பதற்றத்தை அளப்பவை, பொய்யை அல்ல. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இடையில் கேட்கப்படும் கேள்விகளின்போது நாக்கைக் கடித்தோ மனக்கணக்குப் போட்டோ வரைகோட்டைக் குழப்பலாம். சோவியத் ஒற்றராக இருந்த அமெரிக்க அதிகாரி ஓல்ட்ரிச் ஏம்ஸ் 1986இலும் 1991இலும் இந்தச் சோதனையில் தேறியவர். 2003இல் அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் ஒரு கணக்குக் காட்டியது: 10,000 ஊழியர்களில் 10 ஒற்றர்கள் இருந்து, அவர்களில் எட்டுப் பேரையாவது பிடிக்கும்படி கருவியை வைத்தால், 1,598 அப்பாவிகளும் சேர்ந்து சிக்குவார்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 2010இல் செல்வி வழக்கில், விருப்பமில்லாத ஒருவரை இந்தச் சோதனைக்கு உட்படுத்துவது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்த்தது. கைத்தொலைபேசியில் குரலை வைத்துப் பொய் காட்டும் செயலிகளைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த மண்ணில் விசாரணை என்ற சொல்லுக்கு ஒரு கனம் உண்டு. போர்க்காலச் சுற்றிவளைப்பில் ஊரையே வரிசையில் நிறுத்தி, ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் முகம் மூடிய தலையாட்டி ஒருவரின் முன்னால் நடக்கவிட்ட காலத்தை உங்களில் பலர் கண்டிருக்கிறீர்கள். ஒரு தலையசைப்பு போதும், காரணம் கேட்க முடியாது, மறுக்கவும் முடியாது. அந்தத் தலையசைப்பின் பலத்தை ஒரு தாளுக்குக் கொடுத்து அடுத்த தலைமுறையை அதன் முன்னால் நிறுத்தாதீர்கள். வீட்டில் பேசப்படாத பயங்கள் பிள்ளையின் உடம்பில் இருக்கும். "உம்மை விசாரிக்க வேணும்" என்ற சொல்லுக்கே அது நடுங்கலாம்.

தாளை எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டும். காசு காணாமற் போவதும் சண்டை நடப்பதும் உண்மை, நீங்கள்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

பிள்ளையைக் கூப்பிடுவதற்கு முன்பே பாதி வேலை முடிய வேண்டும். காசு கடைசியாக எத்தனை மணிக்கு, எங்கே, யாரால் பார்க்கப்பட்டது? இல்லை என்று எத்தனை மணிக்குத் தெரிந்தது? இடைப்பட்ட நேரத்தில் வகுப்பறை திறந்திருந்ததா, எந்தப் பாடம், யார் வெளியே போனார்கள்? ஒரு வெள்ளைத் தாளில் நேரக்கோடு போட்டு எழுதுங்கள். பல சமயம் இந்தக் கட்டத்திலேயே பொருள் கிடைத்துவிடும், அல்லது 40 பேர் ஐந்து பேராகக் குறைவார்கள். வகுப்பு முழுவதையும் எழுப்பி நிறுத்தி "எடுத்தவர் கையை உயர்த்தும்" என்று கேட்பதால் நடப்பது ஒன்றுதான். எல்லோரும் எல்லோருடைய கதையையும் கேட்டுவிடுவார்கள், பிறகு தனித்தனியே கேட்பதில் பயன் குறைந்துவிடும். மாணவ முதல்வர்களிடம் விசாரணையை ஒப்படைப்பதும் இப்படித்தான் கெடுக்கும்.

அன்றைக்கே, தனித்தனியே கேளுங்கள். ஞாபகம் இரவு கடந்தால் கலங்கும், நண்பர்களோடு பேசினால் கலக்கும். பிள்ளையை இருத்துங்கள், நிற்கவைக்க வேண்டாம். தண்ணீர் வையுங்கள். கேட்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர், பிள்ளைக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் போதும். ஐந்து ஆசிரியர்கள் சூழ்ந்திருக்கும் அறையில் உண்மை சொல்லும் பிள்ளைகூடத் தடுமாறும். தொடங்கும்போது இரண்டு விடயங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள்: "தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லலாம். நான் பிழையாச் சொன்னா நீர் என்னைத் திருத்தலாம்." ஆசிரியரைத் திருத்தலாம் என்று யாரும் சொல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகள் திருத்தமாட்டார்கள்.

பிறகு ஒரே ஒரு திறந்த கேள்வி. "தம்பி, இடைவேளை மணி அடிச்சதிலயிருந்து திரும்ப வகுப்புக்கு வந்து இருக்கும்வரைக்கும் நடந்த எல்லாத்தையும் சொல்லும். சின்ன விசயம் எண்டு ஒண்டையும் விடவேண்டாம்." கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பிள்ளை நிறுத்தினால் பத்து வரை மனதுக்குள் எண்ணுங்கள், "பிறகு?" என்று மட்டும் கேளுங்கள். இடைமறிக்க வேண்டாம். முடிந்த பிறகுதான் எங்கே, எப்போது, யாரோடு என்ற கேள்விகள். "நீர்தானே எடுத்தனீர்?" என்பதும், "நீர் எடுத்தனீரோ, அல்லது அவர் எடுத்தவரோ?" என்பதும் கேள்விகள் அல்ல, ஊட்டல்கள். ஆம் இல்லை என்று பதில் வரும் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், முதலில் சொன்னது பிழை போலிருக்கிறது என்று நினைத்துப் பிள்ளை பதிலை மாற்றும். மாற்றியதும் "பொய் பிடிபட்டுப் போச்சு" என்று நாங்கள் எழுதிவிடுகிறோம். பிள்ளையை மாற்றவைத்தது எங்கள் கேள்வி.

கேட்கும்போது முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல், சரிபார்க்கக் கூடியவற்றைப் பொறுக்குங்கள். கன்ரீனில் யாருக்குப் பின்னால் நின்றது, என்ன வாங்கியது, மீதிக் காசு எவ்வளவு, வரும் வழியில் எந்த ஆசிரியரைக் கண்டது. உண்மையில் நடந்ததைச் சொல்பவரிடம் இப்படியான விபரங்கள் பொதுவாகக் கூடுதலாக இருக்கும், அவற்றைப் பத்து நிமிடத்தில் போய்ச் சரிபார்க்கவும் முடியும்.

கையில் சான்று ஏதாவது இருந்தால், அதைத் தொடக்கத்தில் கொட்டாதீர்கள். இடைவேளையில் அந்தப் பிள்ளை வகுப்பறைக்குள் போனதை ஒருவர் கண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதைச் சொல்லாமல் முழுக் கதையையும் முதலில் கேளுங்கள். பிறகு அந்த இடத்தையும் நேரத்தையும் சுற்றிக் கேளுங்கள். எடுக்காத பிள்ளை, தண்ணீர்ப் போத்தல் எடுக்கப் போனதாகத் தானாகவே சொல்லிவிடக் கூடும். மறைக்க ஒன்று உள்ள பிள்ளை அந்தப் பக்கமே போகவில்லை என்று சொல்லக் கூடும். சான்றைக் கடைசியாக எடுத்து வைத்து, விளக்கம் சொல்ல இடம் கொடுங்கள். சுவீடனில் மரியா ஹாட்விக் குழுவினர் 2006இல் பொலிஸ் பயிலுநர் 82 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். இந்த முறையில் பயிற்சி பெற்றவர்கள் 85 வீதம் சரியாகச் சொன்னார்கள், பெறாதவர்கள் 56 வீதம். வித்தியாசம் கண்ணில் இல்லை, சான்றைப் பாவித்த ஒழுங்கில் இருந்தது. ஒரு எச்சரிக்கை: பிள்ளை ஒன்றை மறைக்கிறது என்று தெரிந்தால், இந்தக் களவைத்தான் மறைக்கிறது என்று ஆகிவிடாது. மதிலேறி வெளியே போனதையோ, தோழி ஒருத்தியோடு கதைத்ததையோ மறைத்திருக்கலாம்.

சொன்னதைச் சொன்னபடியே, பிள்ளையின் சொற்களிலேயே எழுதுங்கள். தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் போடுங்கள். வாசித்துக் காட்டி, திருத்த விரும்பினால் திருத்தவிடுங்கள். கடைசியில் யார் எடுத்தார் என்று தெரியவில்லை என்றால் "கண்டறியப்படவில்லை" என்று எழுதிக் கோப்பை மூடலாம். அதில் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் கோரிக்கைகள் இவை.

அந்த 14 பெட்டித் தாளை விசாரணைகளில் பாவிப்பதை இன்றிலிருந்தே நிறுத்துங்கள். ஏற்கெனவே நிரப்பப்பட்ட தாள்களைக் கோப்பிலிருந்து கிழித்தெறிய வேண்டாம். "ஆதாரமாகக் கொள்ளப்படாது" என்று எழுதி அதிபர் ஒப்பமிடுங்கள், அதைப் பிள்ளையின் பெற்றோருக்கு எழுத்தில் அறிவியுங்கள். உடல் அசைவை மட்டும் காரணமாகக் காட்டிச் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் ஏறிய பதிவுகளையும், அவற்றின் பேரில் நடந்த வகுப்புத் தடை, மாணவ முதல்வர் பதவி நீக்கம், விடுகைப் பத்திரத்தில் எழுதிய குறிப்பு ஆகியவற்றையும் இந்தத் தவணை முடிவதற்குள் மீளாய்வு செய்யுங்கள். அந்த மீளாய்வில் முதல் விசாரணையில் இருக்காத ஒருவராவது இருக்க வேண்டும். ஒப்புதல் மட்டும் உள்ள, வேறு சான்று எதுவும் இல்லாத சம்பவங்களையும் அதில் சேருங்கள்.

பிள்ளையிடம் வாக்குமூலம் எடுக்கும்போது அது விரும்பும் பெரியவர் ஒருவர் கூட இருப்பதைப் பாடசாலை விதியாக்குங்கள். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் நடவடிக்கையில் தன் பக்கத்தைச் சொல்லும் உரிமையைப் பிள்ளைக்குக் கொடுக்கிறது. இல்லாத சான்றை இருப்பதாகச் சொல்லி மிரட்டுவதை எழுத்தில் தடைசெய்யுங்கள். பொய் காட்டும் கருவிக்கோ செயலிக்கோ பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பணத்திலிருந்து ஒரு சதமும் ஒதுக்காதீர்கள்.

இந்தப் பட்டறைக்கு அனுமதி கொடுத்த கல்வி அதிகாரிகளிடம் நாங்கள் கேட்பது: எந்த ஆதாரத்தைப் பார்த்து அனுமதித்தீர்கள், எவ்வளவு பணம் செலவானது, அடுத்த பட்டறை எப்போது என்று வெளிப்படையாக அறிவியுங்கள். திட்டமிட்டிருக்கும் அடுத்த பட்டறையை நிறுத்துங்கள். அதற்கு ஒதுக்கிய நாளில், பிள்ளைகளிடம் எப்படிக் கேட்பது, எப்படிப் பதிவது, சான்றை எப்படிச் சரிபார்ப்பது என்ற பயிற்சியை நடத்துங்கள். அந்தப் பயிற்சியைக் கட்டணம் இல்லாமல் நடத்தித் தர எங்களில் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம். எந்தப் பாடசாலை கேட்டாலும் சனிக்கிழமைகளில் வருவோம்.

தவணை விடுமுறை தொடங்குவதற்கு முன் உங்கள் எழுத்துப் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இங்ஙனம்,
உளவியல், உளவளத்துணை, சட்டம், கற்பித்தல் துறைகளில் பணிபுரிவோர்
யாழ்ப்பாணம்